கீழே அழுத்தினால் திறக்கும்

கொண்டியின் கைப்பிடியில் இருந்த பள்ளங்களை எண்ணத் தொடங்கிய கிஷாந்த் இருபத்தெட்டோடு நிறுத்திவிட்டான். அதற்கு மேல் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, எது முதலில் விழுந்தது எது பிறகு விழுந்தது என்று பிரிக்க முடியாமல் கிடந்தன. பலீல் முதலாளியின் முற்றத்தில், பலா மரத்தடியில், டிரெக்டரைக் கழற்றிக் கொண்டுபோன பிறகு, அது இழுத்துவரும் பெட்டி மட்டும் தனியாக நின்றது. உள்ளே வெங்காயச் சருகு இன்னும் கூட்டாமல் கிடந்தது. பெட்டியின் பின்கதவுக்கு முன்னால் குந்தியிருந்து, பெயின்ட் உரிந்த அந்த ஒரு சாண் இரும்பை அவன் பெருவிரலால் தடவினான். பள்ளங்கள் எல்லாம் மேல்பக்கத்தில்தான். கீழ்ப்பக்கம் கம்பனியை விட்டு வெளியே வந்த அன்று இருந்தது மாதிரியே பச்சைப் பெயின்டோடு மினுங்கியது. மேலே இருந்து கீழே அடித்திருக்கிறார்கள். ஒருநாள் இரண்டு நாள் அல்ல, இரண்டு வருஷமாக.

"என்ன தம்பி, நாடி புடிச்சிப் பாக்கிறீங்க? மவுத்தாப் போன பெட்டிக்கு இனி என்ன வைத்தியம்?" என்றார் பலீல். சாரத்தை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். நாவுல சந்தியில் மரக்கறிக் கடை, ஊருக்கு உள்ளே ஏழு ஏக்கர் வெங்காயமும் மிளகாயும். பகிடி விடுகிற வாய்தான், ஆனால் ஒன்பது நாளாகச் சரியாகத் தூங்காத கண்.

"கொண்டியில அடிச்சிருக்காங்க நானா," என்றான், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற முறையில்.

"அடிக்காம? டிரைவர் லெட்சுமணனுக்கு ஒரு காது அரவாசி. மெசின் சத்தம் வேற. கதவுத் தகரத்துல தட்டினா அவனுக்குக் கேக்குறல்ல. அந்த இரும்புல தட்டினாத்தான் டிங் டிங்கெண்டு முன்னுக்கு மட்டும் போகும். நல்ல சாமானாத்தான் வெச்சீக்கிறீங்க. பூட்டுக்குப் பூட்டு, பெல்லுக்கு பெல்லு."

கிஷாந்த் எழும்பவில்லை. எழும்பினால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

நடந்தது பெரிய சங்கதி ஒன்றும் அல்ல, அப்படித்தான் எல்லாரும் தொடங்கினார்கள். நாலந்தாப் பக்கத்து மிளகுத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து, தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில், பெண்கள் பதினொரு பேர் பலீல் முதலாளியின் பெட்டியில் ஏறி வெங்காயம் பிடுங்க வருவார்கள். அன்றைக்குக் கடைசியாக ஏறியது சுந்தரம்மாவும், அவளுடைய தங்கச்சி மகள் விதுஷாவும். விதுஷாவுக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, ரிசல்ட் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று பெரியம்மாவோடு வேலைக்கு வந்த இரண்டாவது நாள். பின்கதவில் பக்கவாட்டாகச் சாய்ந்து, கதவுக்கு வெளியே ஒரு காலைத் தொங்கப் போட்டிருந்தாள். ஏற்றத்தில் டிரெக்டர் உறுமிக்கொண்டு ஏறும்போது அவளுடைய செருப்பு கழன்று ரோட்டில் விழுந்தது. "பெரியம்மா, என் செருப்பு!" என்று சிரித்திருக்கிறாள். சுந்தரம்மா நிறுத்தச் சொல்லி ஒரு தட்டுத் தட்டினாள். லெட்சுமணனுக்குக் கேட்கவில்லை. சாப்பாட்டு டின்னால் கொண்டியில் ஓங்கித் தட்டினாள். கதவு திறந்து விழுந்தது. விதுஷா பின்பக்கமாகப் போய் இடுப்பு அடிபட ரோட்டில் விழுந்தாள். இப்போது கண்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

அந்தக் கொண்டியை வரைந்தது கிஷாந்த். மாத்தளை டவுனுக்கு வெளியே, லொறிக்கு மேற்கூடு அடித்து, டிரெக்டருக்குப் பெட்டி செய்யும் கம்பனியில் அவன் இஞ்சினியர். வந்து சேர்ந்த இரண்டாவது வருஷம் செய்த வேலை அது. அதற்கு முன்னால் பெட்டிகளுக்கு இரண்டு பக்கமும் சங்கிலியில் தொங்கும் ஆணிதான். ஆணி தொலையும், சங்கிலி அறும், மூட்டை இறக்குகிறவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட வேண்டும். நடுவில் ஒரே ஒரு கொண்டி வைத்து, ஒரு கையால் திறக்கும்படி செய்யலாம் என்று அவன்தான் சொன்னான். கைப்பிடியை மேலே தூக்கினால் திறப்பதா, கீழே அழுத்தினால் திறப்பதா என்று அரை நாள் யோசித்தான். அந்த அரை நாளை அவன் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறான். கொம்பியூட்டரில் இரண்டு விதமாகவும் வரைந்து வைத்துக்கொண்டு, தோளில் மூட்டையோடு வருகிறவனுக்கு முழங்கையால் அழுத்துவது சுலபம் என்று கீழே அழுத்துகிற மாதிரியே முடிவு செய்தான். தம்புள்ளைச் சந்தையில் மூட்டை இறக்குகிறவர்கள் பார்த்துவிட்டு, வேலை தெரிந்தவன் செய்தது என்றார்கள். சம்பளம் கூடியது. நூற்று நாற்பத்தாறு பெட்டிகள் அந்தக் கொண்டியோடு வெளியே போயின. நாவுல, வில்கமுவ, தம்புள்ளை என்று டிரெக்டர் ஓடும் இடமெல்லாம்.

ஒவ்வொன்றிலும் பின்கதவுக்குக் கீழே மூன்று மொழியில் ஒரு தகடு: ஆட்களை ஏற்றக் கூடாது. தமிழ் வரியை எழுதிக் கொடுத்ததும் அவன்தான். மற்ற போர்டுகளில் வருகிற மாதிரியான எழுத்துப் பிழை எதுவும் இல்லாமல் வந்திருக்கிறது என்று அன்றைக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

ஆனால் தகடு அடித்துவிட்டால் ஆட்கள் ஏறாமல் விடுவார்களா? இது தெரியாமல் வேறு யாராவது செய்திருந்தால் மன்னிக்கலாம். எல்கடுவப் பக்கத் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவில், மேல் கணக்கில் பிறந்து, கொழுந்து ஏற்றுகிற டிரெக்டர் பெட்டியில் தொங்கிக்கொண்டு எட்டு வருஷம் பள்ளிக்கூடம் போனவன் கிஷாந்த். கடைசியாக ஏறுகிறவன்தான் தட்ட வேண்டும். ஒரு தட்டு நிற்க, இரண்டு தட்டு போக. யாரும் சொல்லிக் கொடுத்தது இல்லை, எல்லாருக்கும் தெரியும். கையால் தட்டினால் கேட்காது, ஆகவே கையில் இருப்பதைக் கொண்டு எங்கே சத்தம் நன்றாக வருமோ அங்கே தட்டுவது. பெட்டியில் சத்தம் நன்றாக வரும் இடம் எது என்று ஏறின முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். இவ்வளவும் தெரிந்தவன், கடைசியாக ஏறுகிறவனின் கைக்கு நேரே, நடுவில், கீழே அடித்தால் திறக்கும் ஒரு இரும்பை வைத்திருக்கிறான். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் புதிதில் தாங்கும், இரண்டு வருஷம் அடி வாங்கினால் தளராமல் என்ன செய்யும்? தூக்கினால் திறப்பது மாதிரி வைத்திருந்தால் ஆயுள் முழுக்க அடித்தாலும் திறந்திருக்காது. அடிக்க அடிக்க இன்னும் இறுகியிருக்கும்.

அவன் எழுந்து கையைத் துடைத்தான். மெனேஜர் சொல்லி அனுப்பியது ஞாபகத்தில் இருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. "ஆள் ஏற்றினதுக்கும் கொண்டியில் அடித்ததுக்கும் ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வா, அது போதும், நமக்கு அதற்கு மேல் அந்த விஷயத்தில் வேலை இல்லை" என்று சிங்களத்தில் பதமாகத்தான் சொன்னார். மற்ற பிள்ளைகளை அனுப்பினால் பாஷை சரிவராது, நீ உங்கள் ஆட்களோடு பேசத் தெரிந்தவன் என்றும் சொன்னார்.

"நானா, நீங்க ஆள் ஏத்தினீங்கன்னு ஒரு கடிதம் தரணும். கம்பனிக்கு."

"ஏன், நேராப் பொலிஸுக்குப் போய் வெலங்க வாங்கிப் போட்டுக்கொள்ளச் செல்லுங்களேன்." பலீல் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. "கேஸு நடக்கிது தம்பி. நானே எழுதித் தந்தா என்ன உள்ளுக்குப் போட்டுருவாங்க. அதுக்குப் பொறகு இந்தப் பதினொரு பேருக்கும் வேல குடுக்கிறது யாரு, ஒங்கட மெனேஜரா? சுந்தரம்மாகிட்டப் போங்க. அவ பொலிஸ்லயே சென்னா, நான்தான் தட்டினேன், நான்தான் தட்டினேண்டு. வேற ஒருத்தர்ட பேரையும் இழுக்கல்ல. அவகிட்ட எழுதி எடுங்க. அவ தருவா." மரத்தடியில் கிடந்த ஒரு வெங்காயத்தைக் காலால் உருட்டிவிட்டுச் சொன்னார்: "கேட்டா ஒடனே தருவா. அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஈக்கி."

லயத்துக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளை இரண்டு இடத்தில் நிறுத்தினான். ஒரு இடத்தில் மழை தூறியது. இன்னொரு இடத்தில் ஒன்றும் இல்லை, சும்மா நிறுத்தினான்.

சுந்தரம்மாவின் ஒற்றை அறைக் காம்பரா, லயத்து வரிசையில் கடைசிக்கு முந்தினது. கடைசிக் காம்பரா அவள் தங்கச்சி செல்வராணியுடையது, விதுஷாவின் அம்மா. அந்தக் கதவு சாத்தியிருந்தது. சுந்தரம்மா ஐம்பது வயதுக்கு மெலிந்த பெண், வெங்காயச் சாறு ஏறின கை. கம்பனி ஆள் என்றதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இருந்த ஒரே கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

"ஒக்காருங்க சார். பிளேன்டி ஊத்தவா? சீனி இல்ல, கருப்பட்டிதான்."

"வேணாம்மா. இப்பதான் குடிச்சேன்."

"எந்தப் பக்கம் சார் நீங்க? பேச்சு நம்ம பேச்சா இருக்கு."

"எல்கடுவ. மேல் கணக்கு."

"அட! மேல் கணக்கா?" அவளுடைய முகம் ஒரு கணம் தெளிந்தது. "நம்ம தோட்டத்துப் புள்ளையா நீங்க. இஞ்சினியரா வந்திருக்கீங்க. எங்க பாப்பாவும் நல்லா படிக்கும் தம்பி. கணக்குல அதுதான் ஸ்கூல்ல மொத." சார் தம்பி ஆகிவிட்டது. அவன் கதிரையின் நுனியில் இருந்தான்.

பிறகு அவள் அவன் எதிரே தரையில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, நேராகக் கேட்டாள். "தம்பி, நீங்க படிச்சவரு. அந்தப் பெட்டிய செய்றவரு. நீங்க சொன்னா சரியா இருக்கும். நான் தட்டுனதாலதானா தொறந்துச்சி?"

ஒன்பது நாளாக அவள் யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்த கேள்வி அது. பார்த்ததும் தெரிந்தது. பொலிஸ்காரனிடம் கேட்டிருக்க மாட்டாள், டாக்டரிடம் கேட்டிருக்க மாட்டாள். தங்கச்சியிடம் கேட்க வழியே இல்லை. இந்த ஒரு ஆளுக்குத்தான் பதில் தெரியும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றியதில் பிழையும் இல்லை. இல்லம்மா, தட்டினால் திறக்கிற மாதிரி நான் செய்து வைத்திருந்தேன், யார் தட்டியிருந்தாலும் ஒருநாள் திறந்திருக்கும் என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சு அவன் தொண்டை வரைக்கும் வந்தது. வந்த இடத்தில் கேஸ் இருந்தது, மெனேஜர் இருந்தார், எல்கடுவையில் அவன் பாதி கட்டி நிறுத்தியிருக்கும் வீடு இருந்தது, முதல் முதலாக ஒரு இஞ்சினியர் வந்தான் என்று கோயிலில் மாலை போட்ட தோட்டம் இருந்தது.

"அந்தப் பெட்டி சாமான் ஏத்தத்தான் செஞ்சது அம்மா," என்றான். "ஆளுங்க ஏறக்கூடாதுன்னு அதுலயே எழுதியிருக்கு. கொண்டியில அப்படி அடிக்கக்கூடாது."

பொய் ஒரு சொல்லும் இல்லை. சுந்தரம்மா தலையை ஆட்டினாள். ஒருமுறை அல்ல, மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நான்தான்."

அவன் பைலைத் திறந்தான்.

"எழுதிக்கங்க தம்பி. எனக்கு எழுத வராது, பேரு மட்டும் போடுவேன். சுந்தரம்மாங்கிற நான்தான் டின்னால ஓங்கித் தட்டுனேன். வேற யாரும் தட்டல. லெட்சுமணன் மேலயும் தப்பில்ல, மொதலாளி மேலயும் தப்பில்ல." அவன் மடியில் பைலை வைத்து எழுதினான். எழுத்துப் பிழை ஒன்றுகூட வரவில்லை என்பது பிறகு அவனுக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. "பாப்பா சும்மாதான் ஒக்காந்திருந்திச்சி, அது ஒண்ணும் செய்யல. அதையும் போடுங்க." அதையும் எழுதினான். "ஒரு செருப்பு தம்பி. முந்நூறு ரூவா செருப்பு. விட்டுட்டுப் போயிருந்தா என்ன? அந்திக்கி வரையில எடுத்திருக்கலாம். வெறுங்காலோட வெங்காயம் புடுங்குனா செத்தா போயிருவாங்க?"

அவள் பேனாவை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் பெயரைப் போட்டாள். மெய்யெழுத்துப் புள்ளிகளைக் கடைசியில் மறக்காமல் வைத்தாள்.

லயத்துச் சுவர்கள் கூரை வரைக்கும் போவதில்லை. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு மேலே திறந்துதான் இருக்கும். இந்தப் பக்கம் மூக்குச் சிந்தினால் அந்தப் பக்கம் கேட்கும். பிறந்ததிலிருந்து அப்படியொரு சுவருக்குக் கீழே படுத்து வளர்ந்தவன் அதையும் மறந்திருந்தான். சுவருக்கு மேலாகச் செல்வராணியின் குரல் வந்தது. அழுகை இல்லை, கத்தலும் இல்லை.

"கேட்டுக்கிட்டேன். கொம்பனி இஞ்சினியரே வந்து சொல்லிட்டாரு. இனிமே ஒருத்தரும் எனக்குச் சமாதானம் சொல்ல வராதீங்க. அவதான். அவ வாயாலயே சொல்லிட்டா."

சுந்தரம்மா சுவரைப் பார்க்கவில்லை. மூடியைத் தேடி எடுத்துப் போட்டு, பேனாவை இரண்டு கையாலும் கிஷாந்திடம் நீட்டினாள். "பாத்துப் போங்க தம்பி. மழ வரும்போல."

கடிதத்தை ரிப்போர்ட்டோடு வைத்துத் தைத்துக் கொடுத்தான். மெனேஜர் வாசித்துப் பார்த்துவிட்டு நல்ல வேலை என்றார். அந்த வாரமே கிஷாந்த் கொண்டியைத் திருப்பி வரைந்தான். மேலே தூக்கினால் திறக்கும், போதாததற்கு இரண்டு பக்கமும் ஆணி. புது மொடல் என்று மெனேஜர் சந்தோஷப்பட்டார். வெளியே போன நூற்று நாற்பத்தாறையும் கூப்பிட்டு மாற்றிக் கொடுத்தால் என்ன என்று கேட்டபோது, அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கூப்பிட்டால் பிழை நம்முடையது என்று ஊருக்கெல்லாம் நாமே சொன்ன மாதிரி ஆகும், அப்போது அந்தக் கடிதத்தை எதற்கு எடுத்தாய் என்றார். அதுவும் சரிதான். எதற்கு எடுத்தேன் என்று அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அறைக்குப் போய்ச் சமைக்கும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும், அம்மா போனில் சாப்பிட்டியா என்று கேட்கும்போதும் கேட்டுக்கொண்டிருந்தான். ரோட்டில் டிரெக்டர் பெட்டி ஏதாவது போனால் பின்னால் பார்ப்பான். பச்சைப் பெயின்ட் என்றால் கண்ணை எடுக்க முடியாது. வில்கமுவப் பக்கம் வேலையாகப் போனபோது ஒரு பெட்டி நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு போனார்கள். கடைசியில் இருந்த பிள்ளை தண்ணீர்ப் போத்தலால் கொண்டியில் தட்டினாள். டிங் டிங். அவன் மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டி, பெட்டி திரும்பி மறையும்வரை கையைப் பிசைந்துகொண்டு நின்றான். துரத்திப் போய் நிறுத்தி என்ன சொல்வது என்று தெரியவில்லை. சொல்லத் தெரிந்தவன் நாலந்தாவிலேயே சொல்லியிருப்பானே.

நாலு மாதம் கழித்து, ஒரு போயா நாளில், பௌர்ணமி லீவில், யாரும் அனுப்பாமல் அவனாகவே லயத்துக்குப் போனான். ஒரு பையில் இரண்டு ஆணியும் சங்கிலியும் இருந்தன. பலீல் முதலாளி வீட்டில் இறங்கி, அவருடைய பெட்டிக்கு அதைத் தானே வெல்டிங் செய்து பூட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தான். "இப்பத்தான் நாடி கெடச்சிச்சோ?" என்று கேட்ட பலீல், அதற்குப் பிறகு பகிடி விடவில்லை. தேத்தண்ணி கொடுத்து, கேட்வரைக்கும் வந்து அனுப்பினார். "சுந்தரம்மாவைத் தேடியா? போய்ப் பாருங்க," என்று மட்டும் சொன்னார்.

சுந்தரம்மாவின் காம்பரா பூட்டிக் கிடந்தது. பூட்டில் துரு. பக்கத்துக் கதவு திறந்திருந்தது. வாசலுக்கு நேரே கட்டிலை இழுத்துப் போட்டு, விதுஷா சாய்ந்திருந்தாள். காலில் போர்வை. மடியில் ஒரு பழைய கணக்குப் புத்தகம். கட்டிலுக்குப் பக்கத்தில் யாரோ கொடுத்த வீல்செயார் மடித்து நின்றது. லயத்து வாசல்படி ஒன்றரை அடி, அந்தச் சக்கரம் எப்படி இறங்கும் என்று அவனுடைய கண் தானாகவே அளந்தது. உள்ளே செல்வராணி ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். அன்றைக்குக் கதவு இடுக்கால் பார்த்திருப்பாள், ஆளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. எழும்பவில்லை.

"இன்னும் என்னா எழுதணும்?"

"எழுத வரலக்கா. சுந்தரம்மாவப் பாக்கணும்."

"அவ இல்ல. நீங்க எழுதிக்கிட்டுப் போன மறு கெழமையே கொழும்புக்குப் போயிட்டா, வீட்டு வேலைக்கு. இங்க தண்ணிப் பைப்புக்குப் போனாக்கூட பொம்பளைங்க வெலகி நின்னாங்க." மாவை ஓங்கிக் குத்தினாள். "நானுந்தான்."

கிஷாந்த் படிக்குக் கீழே, ஈர மண்ணில் நின்றான். உள்ளே வரச் சொல்லுவார்கள் என்று எதிர்பார்க்கவும் இல்லை. மாத்தளையிலிருந்து வழி நெடுக ஒழுங்குபடுத்தி வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. அது ஒன்றும் வரவில்லை.

"அக்கா, அவங்க தட்டுனதால இல்ல. அந்தக் கொண்டிய நான்தான் வரஞ்சேன். கீழ அழுத்துனா தொறக்கிற மாதிரி வச்சிட்டேன். தட்டுவாங்கன்னு எனக்குத் தெரியும். நானும் தட்டியிருக்கேன். தெரிஞ்சும் வச்சிட்டேன். யாரு தட்டியிருந்தாலும் தொறந்திருக்கும். அன்னிக்கி அவங்க கேட்டாங்க. நான் சொல்லல."

மா பிசைகிற சத்தம் நின்றது. அடுத்த வரிசையில் யாருடைய ரேடியோவிலோ ஒரு பிக்கு போயா நாள் பண, பௌத்தப் பிரசங்கம், சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் பேசியது விதுஷா.

"அந்தத் தகட்ட நான் படிச்சேன் சார். ஏறுறதுக்கு முன்னாடி. படிச்சிட்டுப் பெரியம்மாகிட்டச் சிரிச்சேன், இது நமக்கில்ல, வெங்காயத்துக்குன்னு." அவள் அவனையே பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, ஒரு கணக்கை முடிக்கிற மாதிரி. "அது மாதிரி எத்தன பெட்டி இருக்கு?"

"நூத்தி நாப்பத்தாறு. இதுல ஒண்ணு இன்னிக்கி மாத்திட்டேன்."

"அப்ப நூத்தி நாப்பத்தஞ்சி."

"ஆமா."

"இதையெல்லாம் எழுதிக் குடுப்பீங்களா? அன்னிக்கி எழுதுன மாதிரி?"

குடுப்பேன் என்றுதான் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் செல்வராணி எழுந்து வந்துவிட்டாள். விரலெல்லாம் மா. அவள் மகளையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. ஜன்னல் கட்டையில் இருந்த போனை எடுத்து, திரையைத் தேய்த்துத் தேய்த்து ஒரு நம்பரைத் தேடினாள்.

"நாலு மாசம்," என்றாள் போனைப் பார்த்தபடி. "கூடப் பொறந்தவ. எனக்குச் சோறு ஊட்டுனவ. செவுத்துக்கு அந்தப் பக்கம் பத்து நாளு இருமுனா, நான் என்னான்னு கேக்கல."

"என்கிட்ட மட்டும் பெரியம்மா போன்ல பேசுவாங்கம்மா," என்றாள் விதுஷா. "நீங்க ஆத்துக்குப் போனப்புறம்."

"தெரியும். நீ எவ்வளவு மெதுவாப் பேசுனாலும் லயத்துல யாராச்சும் வந்து சொல்லுவாங்க." அக்காவின் நம்பரை அழுத்தினாள், அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியது. சத்தத்தை வெளியே வைத்து, கையை முழுசாக நீட்டி, வாசலுக்கு வெளியே நின்ற கிஷாந்திடம் கொடுத்தாள். "என்கிட்ட சொன்னதச் சொல்லுங்க. ஒரு வார்த்த கொறையாம சொல்லுங்க." சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

நாலாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் பைப்பில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, பீங்கான்கள் ஒன்றோடு ஒன்று இடித்தன.

"ஹலோ? ராணியா? ராணி நம்பர்தானே இது?"

கிஷாந்தின் உதடு அசைந்தது.

"ராணி? பேசு... ஏன் பேச மாட்டேங்கிற? பாப்பாவுக்கு என்ன? பாப்பாவுக்கு என்னாச்சி, சொல்லு."

அந்தப் பக்கம் தண்ணீர் நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. திரையில் செல்வராணியின் மா ஒட்டின விரல் தடங்கள் வெள்ளையாக இருந்தன, அவற்றுக்கு நடுவில் நொடிகள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டிருந்தன.